இருமல்காரன் விலாவில் ஒரு கை

காலை ஒன்பதேகால். லாண்டரி அக்கா யாரோ ஒரு கேப்டனின் வெள்ளைச் சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்த நேரம், துறைமுக வாய்ப்பக்கம் ஒரு ஹாரன் கேட்டது. முதலில் 'க்ஹம்' என்று ஓர் இருமல். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் 'க்ஹம்'. அதற்கப்புறம்தான் ஜன்னல் கண்ணாடி அதிர 'பூ...ம்' என்று முழுச் சத்தம்.

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இருமல்காரன்!"

மூலையில் கப்பல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள். "எவன் இருமினான்?"

"அண்ணி, இருமல்காரன் அண்ணி! கப்பல்! அண்ணனோட கப்பல்!"

"அதெல்லாம் இருக்கட்டும். காலர் கருகுது பாரு."

பெட்டியைத் தூக்கினால், காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம். வேறொரு நாளாக இருந்தால் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். இன்றைக்குச் சட்டையை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினாள்.

அந்த ஊரில் கப்பலின் மூக்கில் எழுதியிருக்கும் பெயரை யாரும் படிக்க மாட்டார்கள். பாதிப் பெயர் வாயிலேயே நுழையாது. அதனால் ஊரே பெயர் வைத்துவிடும். புகைபோக்கி சாய்ந்திருந்தால் கோணக்கொண்டை. எண்ணெய் வழிந்தால் எண்ணெய்ச்சட்டி. இந்தக் கப்பலுக்கு ஹாரன் குழாயில் தண்ணீர் தேங்கும். அதைத் துப்பிவிட்டுத்தான் ஊத முடியும். அதனால் இருமல்காரன். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் யாருக்கோ விற்றுவிட்டார்கள் என்றார்கள். முப்பத்தேழு வருஷமாக அந்த இருமலைக் கேட்டவர் யாரும் இல்லை.

விற்பதற்கு முந்தைய தடவைதான் விஷயமே நடந்தது. வரும்போது, கப்பல்கள் ஒட்டி நிற்கும் மேடையான ஜெட்டியின் முனையில் இடித்து, கப்பலின் விலாவில் பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து அடைக்க வேண்டும். துறைமுக ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெல்டரை அனுப்பினார்கள். அந்த வெல்டர்தான் அக்காவின் அண்ணன். வயது இருபத்திரண்டு. மேலேயிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு கொண்டுபோன பதினோரு வயதுத் தங்கச்சியிடம், "பாப்பா, இடது கையை நீட்டு" என்றான். ஓர் அட்டையில் அவள் கையை வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி வளைந்துபோன சுண்டுவிரலையும் விடாமல் வரைந்தான். பிறகு, அந்த அட்டையைப் பார்த்துப் புதுத் தகட்டின் மேல் வெல்டிங் குச்சியால் அதே கையைப் போட்டுவிட்டான். ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "என்னடா இது, தேய்ச்சு எடு" என்றார். "சரி சார்" என்று சொன்னானே தவிர, தேய்க்கவில்லை. மேலே பெயிண்ட் அடித்தாகிவிட்டது. கப்பல் போய்விட்டது.

இதுதான் அண்ணன் முப்பத்தேழு வருஷமாகச் சொல்லி வந்த கதை. துறைமுகக் கேட் பக்கத்துக் கேண்டீனில், வாரத்துக்கு ஒரு தடவையாவது. "என் தங்கச்சி கை இந்நேரம் எந்த நாட்டுத் தண்ணிய அளைஞ்சுக்கிட்டிருக்கோ!" என்று ஆரம்பிப்பார். உடனே நாலு பேர், "ஆமா ஆமா, என் மாமியார் மூக்கு கூட ஒரு கப்பல்ல இருக்கு" என்பார்கள். அதில் பெரிய சத்தம், கிரேன் என்று பெயர் வாங்கியவருடையது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆளும் கிரேன் மாதிரிதான் இருப்பார். அண்ணனுக்கு 'ரீல்' என்று பெயர் வைத்ததே அவர்தான்.

அண்ணன் அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடுவார். பதிலுக்கு இன்னும் இரண்டு கதை எடுத்து விடுவார். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. கழுத்தில் ஓர் ஓட்டை, அதன்மேல் துணி. மூச்சே அதன் வழியாகத்தான். அன்றிலிருந்து அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. பெரிய விஷயமென்றால் லாண்டரி பில்லின் பின்பக்கத்தில் எழுதுவார்.

போன மாதம் அக்கா கேண்டீன் வழியாகப் போகும்போது கிரேன் எல்லோருக்கும் நடுவில் நின்று, அண்ணன் மாதிரியே கையை ஆட்டி, "என் தங்கச்சி கை..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பதில் சொல்ல அங்கே அண்ணன் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அவர் வாயடைத்துப் போன நேரம் பார்த்து, அவர் பேச்சையே பொய்யென்று முடித்து வைத்துவிட்டார்களே.

மாடிக்குப் போனால், அண்ணன் ஜன்னலோரம் நின்று டம்ளரை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

"வாண்ணே, போவோம்! கிளம்பு!"

கண்ணெல்லாம் பளபளத்தது. ஆனால் 'கிளம்பு' என்றதும் கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டக், டக். இல்லை.

"சரி, நான் போய்ப் பாத்துட்டு வரேன். எங்கே இருக்குன்னு மட்டும் எழுதிக் குடு."

எழுதினார்: 'ஊர்ப்பக்கம். மூக்குல இருந்து மூணாவது தகடு. காலியா வந்திருந்தா தண்ணிக்கு மேல ஒரு ஆள் உயரம். சரக்கு ஏத்திட்டா முங்கிடும். சீக்கிரம் போ.' கடைசி இரண்டு வார்த்தைக்கு அடியில் மூன்று கோடு.

அக்கா துணி மூட்டை ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளை எடுத்துப் பறந்தாள். கேட்டுக்கு முன்னால் கேண்டீன் வாசலில் கிரேன் எழுந்து நின்றார்.

"என்னம்மா இந்த வேகம்? கடை பத்திக்கிச்சா?"

"இருமல்காரன் வந்திருக்கான், கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் கேட்டேன். ரீல் கப்பல்தானே! நானும் வரேன். உன் கையப் பாத்து ஒரு வணக்கம் வச்சிட்டு வரேன்."

அக்காவுக்குக் கப்பல் துணி எடுக்கும் பாஸ் உண்டு. கிரேனுக்கு இல்லை. ஆனால் பழைய ஆளுங்களைக் கண்டால் வாட்ச்மேன் சரியாக அந்த நேரம் குனிந்து செருப்பைச் சரி செய்வார்.

புது ஜெட்டியில் நின்றிருந்தது நீலக் கப்பல். மூக்கில் புதுசாக ஒரு பெயர். அக்கா கிட்டே போய்ச் சாய்வாகப் பார்த்தாள். வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் நீலப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் தழும்பு மாதிரி புடைத்துக்கொண்டு தெரிந்தன. கப்பலுக்குப் பெயரை வெல்டிங்கில் போட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். பெயரை மாற்றலாம், தழும்பை மாற்ற முடியாது.

"அவனேதான்!" அக்கா ஒரு குதி குதித்தாள். நாற்பத்தெட்டு வயது, மூட்டு வலி, எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"கப்பல் அவன்தான், ஒத்துக்கறேன்," என்றார் கிரேன். "கை எங்கே?"

சிமெண்டு மூட்டைகளை வலையில் கட்டி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, கப்பல் அதிகாரி ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து மணி. முடிந்ததும் கிளம்பிவிடும். ஒவ்வொரு வலை இறங்கும்போதும் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நூல் கீழே போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஜெட்டி விளிம்பில் குப்புறப் படுத்தாள். மூக்கிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தகட்டை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தாள். இடுக்கில் நீண்ட மூங்கில் கழியை விட்டுத் தடவினாள். மதியம் தாண்டும்வரை இரண்டாவதையும் நாலாவதையும் கூடத் தடவினாள். எல்லாம் வழவழவென்றிருந்தது. ஒரு புடைப்பு கூட இல்லை.

மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "என்னக்கா தேடறீங்க, கம்மலா?"

"கையத் தேடறாங்கப்பா," என்றார் கிரேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவரே குரலைத் தணித்து, "விடும்மா. பாவம், அவன் ஏதோ ஆசைக்குச் சொன்னான். நான் இனிமே கேலி பண்ணல, போதுமா?" என்றார்.

கேலியாவது பரவாயில்லை. அந்தப் 'பாவம்' அக்காவின் நெஞ்சில் நறுக்கென்று குத்தியது.

வந்ததற்குத் துணியையாவது எடுப்போம் என்று கப்பல் ஏணியில் ஏறினாள். அழுக்கு விரிப்புகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். எண்ணெய் நாற்றத்தில் தலை சுற்றியது. மூட்டையைக் கீழே வைத்து, நிமிர்ந்து கப்பலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வலது பக்கம் பார்த்தாள். நங்கூரம் அங்கே தொங்கியது.

அன்றைக்கு, சாப்பாட்டுத் தூக்குடன் நின்ற நாளில், நங்கூரத்திலிருந்து துருத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் பட்டுவிடக் கூடாதே என்று தள்ளி நின்றாள். எந்தப் பக்கம் தள்ளி நின்றாள்? வலது பக்கம். அப்படியானால் நங்கூரம் இருந்தது இடது பக்கம்!

"கிரேன் அண்ணே! அன்னைக்கு இவன் மூக்கு எந்தப் பக்கம் பாத்து நின்னான்?"

"எப்பவும் கடலப் பாத்துத்தான். இது என்ன கேள்வி? அப்பல்லாம் இழுக்கிற படகு ஏது? புயல் அடிச்சா ஓடணுமேன்னு, வரும்போதே திருப்பித்தான்..." பேசிக்கொண்டே வந்தவர் கப்பலைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது.

"இப்ப எங்கே பாக்குது?"

"ஊரைப் பாக்குது," என்றார் கிரேன் மெதுவாக.

பழைய ஜெட்டியில் எல்லாக் கப்பலும் ஒரே மாதிரிதான் நிற்கும். அதனால் அந்த ஊரில் யாரும் இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிப் பழகவில்லை. ஜெட்டியை ஒட்டிய விலா ஊர்ப்பக்கம், அதற்கு எதிர் விலா கடல்பக்கம், அவ்வளவுதான். புது ஜெட்டிக்குப் பலமான இழுவைப் படகுகள் வந்துவிட்டன. கிளம்பும்போது அவை திருப்பிவிடும் என்பதால் கப்பல் நேராக உள்ளே வந்து கட்டிக்கொள்கிறது. அன்றைய ஊர்ப்பக்கம் இன்றைக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

"நாம தப்பான விலாவத் தடவிக்கிட்டு இருந்திருக்கோம்ணே!"

"முப்பது வருஷம் மேலேருந்து பாத்தவன், எனக்கு இது தோணலையே," என்று கிரேன் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, மணி என்ன?"

இரண்டே முக்கால்.

கடல்பக்கம் போக ஒரே வழி குப்பைப் படகு. கப்பல்களில் சேரும் குப்பையை எடுக்கும் அந்தப் படகை ஓட்டுகிறவருக்கு ஊரில் குப்பை கேப்டன் என்று பெயர். மூன்றரைக்கு இதே கப்பலுக்குத்தான் போகிறார். "ஏறிக்கங்கக்கா, ஆனா நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல," என்றார்.

"அரை மணி நேரம் இரு. அண்ணனக் கூட்டிட்டு வந்துடறேன்."

வீட்டில் அண்ணி படியை மறித்துக்கொண்டு நின்றாள். "கழுத்துல ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? படகாம் படகு!"

"அலையே இல்ல அண்ணி. குளம் மாதிரி கிடக்கு. நான் புடிச்சுக்கறேன்."

"நீ புடிச்ச லட்சணத்தத்தான் காலைல காலர்ல பாத்தேனே!"

மேலேயிருந்து டம்ளர் சத்தம். டக். ஆமாம். நிறுத்தி மறுபடியும், டக். இன்னொரு தடவை, டக். அண்ணன் படியில் நின்றிருந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் செருப்பு போட்டிருந்தார்.

அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், காலையில் கருகிய கேப்டன் சட்டையையும் துவைத்த தலையணை உறை ஒன்றையும் எடுத்துவந்தாள். "அந்தச் சட்டையோடயா ஊருக்கு முன்னாடி போவீங்க? இதப் போட்டுக்கங்க. எப்படியும் கேப்டனுக்குப் புதுசுதான் வாங்கிக் குடுக்கணும்." தலையணை உறையை அவர் கழுத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டியதும் கருகிய காலர் அதற்குள் மறைந்துவிட்டது. தோளில் தங்கப் பட்டையுடன் அண்ணன் சைக்கிளின் மூட்டைத் தட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கேண்டீனில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "ரீல் வந்துட்டான்டா! கேப்டன் ஆயிட்டான்டா!" அண்ணன் ஸ்பூனை உயர்த்தி சல்யூட் வைத்தார்.

படகில் கிரேனும் ஏறிக்கொண்டார். முப்பது வருஷம் பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அண்ணே, மூட்டையக் கட்டிப்பிடிக்காதீங்க, அது மீன் கழிவு," என்றார் குப்பை கேப்டன்.

"நீ நேரா ஓட்டுடா."

கப்பலைச் சுற்றிக் கடல்பக்கம் வந்தார்கள். மேலே வலை இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் ஓர் ஆள் உயரத்தில் இருந்திருக்க வேண்டிய இடம் இப்போது படகின் விளிம்புக்குச் சரியாக வந்திருந்தது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். எட்டித் தொடலாம். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம்தான்.

மூக்கிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. பாசியும் சிப்பியும் அப்பிக் கிடந்தன. அண்ணன் கையை நீட்டித் தகடுகள் சேரும் வரியைக் கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அந்த வரியோடு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வரி கொஞ்சம் கோணலாக இருந்தது. அண்ணன் தன்னைத் தானே சுட்டிக்காட்டிக்கொண்டார்: நான் போட்டது. பிறகு அங்கிருந்து இரண்டு சாண் அளந்து, உள்ளங்கையால் தட்டினார். இங்கே.

அக்கா எஞ்சின் ரூம் உடுப்புகளைத் தேய்க்கும் கம்பி பிரஷ்ஷைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தேய்த்தாள். பாசி போனது. நீலம் போனது, அடியில் சிவப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் கறுப்பு. மேலே வலை இறங்கியது. தண்ணீர் ஏறிப் பிரஷ்ஷை நனைத்தது.

"சீக்கிரம்மா, முங்குது!" கிரேன் தண்ணீர்ப் பயத்தை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

முதலில் தெரிந்தது கட்டைவிரல். கரண்டி முனை மாதிரி உருண்டையாக ஒரு புடைப்பு. அப்புறம் ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். அதற்குப் பக்கத்தில், உள்பக்கமாக ஒடிந்து வளைந்த ஒரு சின்னச் சுண்டுவிரல்.



அக்கா பிரஷ்ஷைப் படகில் போட்டுவிட்டு இடது கையை விரித்து அதன்மேல் வைத்தாள். சோப்பும் பிளீச்சும் தின்ற கை, இப்போது அதைவிடப் பெரிசு. விரல் ஒவ்வொன்றும் பதினோரு வயதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சுண்டுவிரலின் வளைவு மட்டும் அச்சு அசலாக, அதே இடத்தில், அதே பக்கம் திரும்பியிருந்தது.

"வளஞ்சிருக்குடா," என்றார் கிரேன். குனிந்து, தன் பெரிய விரலால் அந்தச் சின்னச் சுண்டுவிரலை ஒரு தடவை சுற்றி வந்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். திடீரென்று மேலே பார்த்துக் கத்தினார். "டேய்! கை இருக்குடா! சத்தியமா இருக்குடா! ரீல் சொன்னது அத்தனையும் நெசம்டா!"

மேலேயிருந்து கப்பல் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். தன் கப்பலை நாலு பேர் தடவிக் கொடுப்பதைக் கண்டு குழம்பிப்போய், அவரும் கையை ஆட்டினார்.

"போட்டோ எடுங்கண்ணே, போட்டோ!" என்றாள் அக்கா. கிரேன் அவசரமாக மொபைலை எடுத்து நாலைந்து தடவை அமுக்கினார். அதற்கப்புறமும் வலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தண்ணீர் உள்ளங்கையைத் தொட்டது, விரல் நுனி வரை ஏறியது, மூடிவிட்டது. அண்ணன் ஸ்பூனை எடுத்துக் கப்பலின் விலாவில் மூன்று தட்டுத் தட்டினார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அக்காவுக்கே தெரியவில்லை.

ஐந்தரைக்கு இருமல்காரன் இரண்டு தடவை இருமிவிட்டுப் புறப்பட்டுப் போனான்.

மறுநாள் காலை கேண்டீனில் உட்கார இடமில்லை. கிரேன் நடுவில் நின்று மொபைலை உயர்த்திக் காட்டினார். முதல் போட்டோவில் அவருடைய கட்டைவிரல். இரண்டாவதிலும் கட்டைவிரல். மூன்றாவதில் கட்டைவிரலும் கொஞ்சம் தண்ணீரும்.

"இதுவா கை? இது உங்க கைதானே!" என்று சிரிப்பு கிளம்பியது. "ரீல் நம்பர் ரெண்டுடா!"

"நான் பாத்தேன்டா! இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்!" கிரேன் முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொல்லியும் நம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்று முப்பத்தேழு வருஷம் கழித்து அவருக்கும் ருசி பார்க்கக் கிடைத்தது.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். புதுத் தலையணை உறை, டம்ளர், ஸ்பூன்.

"சரி, முதல்லேருந்து சொல்றேன், நீ சரி பாத்துக்க," என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிரேன் ஆரம்பித்தார். "அன்னைக்குக் கப்பல் மூக்கு கடலப் பாத்து நிக்குது."

டக்.

"இவனுக்கு வயசு இருபது."

டக், டக்.

"இருபத்திரெண்டு. பலகையில தொங்கறான். கீழே தண்ணி. தங்கச்சி வருது."

டக்.

அக்கா அழுக்குத் துணி மூட்டையோடு சைக்கிளை நிறுத்திவிட்டு, வாசலிலேயே நின்று கேட்டாள். கிரேனுக்குச் சூடு பிடித்துவிட்டது. கையை ஆட்டி, குரலை ஏற்றி, கூட்டத்தையே படகில் ஏற்றிவிட்டார்.

"நாங்க போனப்ப அலைன்னா அலை, பனைமர உயரத்துக்கு அலை! அதுக்கு நடுவுல தேய்க்கறோம், தேய்க்கறோம்..."

ஸ்பூன் உயர்ந்தது. இரண்டு தட்டுத் தட்டப்போன அண்ணன், கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டக்.